மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை: இரண்டு காப்பீடுகளுக்கு நடுவே கைவிடப்படும் உழைக்கும் பெண்கள்

இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டது; ஏறத்தாழ 98,000 பேர் இறந்தனர். தொடக்க நிலையிலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்க ஒரு நோயில் இத்தனை இறப்புகள் ஏன் என்ற கேள்விக்கு மருத்துவம் மட்டும் விடை தராது. காப்பீடு யாருக்கு உண்டு, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் அவ்விடையின் ஒரு பகுதி.

தமிழ்நாட்டில் எளிய மக்களுக்கு இரண்டு பெரிய காப்பு ஏற்பாடுகள் உள்ளன. ஏழைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஊதியத் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் உள்ளது. அதில் விழுவோரில் தலித் பெண் தொழிலாளர்கள் பெருந்தொகையினர்.

முதல் வேலி: ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்

மாநிலக் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைத்து நடத்தப்படுகிறது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. மார்பகத்தை முழுமையாக அகற்றும் அறுவை சிகிச்சை, கட்டியை மட்டும் அகற்றி மார்பகத்தைக் காக்கும் அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை இதில் அடங்கும். அட்டை பெறுவதற்கு முன்பே நோய் இருந்தது என்ற காரணத்தைக் காட்டி மறுக்க இயலாது. பட்டியலிடப்பட்ட சிகிச்சைக்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை நோயாளியிடம் பணம் பெறுவதும் விதிமீறலே.

இதில் சேர இரு வழிகள் உள்ளன. ஒன்று, 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புப் பட்டியல். ஊரகப் பகுதிகளில், வசதி படைத்தவை என விலக்கப்படாத பட்டியலின, பழங்குடிக் குடும்பங்களுக்குச் சாதி நிலையே ஒரு தகுதி. நகரங்களிலோ சாதி கணக்கில் வராது. தூய்மைப் பணி, வீட்டுவேலை, குப்பை சேகரிப்பு போன்ற தொழில்களே தகுதி. தலித் கிறித்தவர்கள் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலினத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டதால், அந்தச் சாதித் தகுதியும் அவர்களுக்கு இல்லை. இப்பட்டியலில் பெயர் இல்லாதோருக்கு எஞ்சிய வழி வருமானச் சான்று. குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இரண்டாம் வேலி: இஎஸ்ஐ பதிவு

அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், பேராசிரியர் அதார்கர் 1944இல் தொழிலாளர் சுகாதாரக் காப்பீட்டு அறிக்கையை அளித்தார். 1948ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டம் அதிலிருந்து பிறந்தது. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இதன்கீழ் வருவர். ஊதியத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடும் வேலையளிப்பவர் 3.25 விழுக்காடும் செலுத்த வேண்டும்.

புற்றுநோயைப் பொறுத்தவரை இஎஸ்ஐ தரும் காப்பு மற்றத் திட்டங்களைவிட ஒரு படி மேலானது. சிகிச்சைச் செலவோடு அது நின்றுவிடுவதில்லை. உரிய பணிக்காலமும் சந்தாவும் உள்ள தொழிலாளிக்கு, நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனாக ஊதியத்தில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். காப்பீடு பெற்ற தொழிலாளியின் மனைவிக்கும், அவரைச் சார்ந்து வாழும் தாய்க்கும் மருத்துவப் பயன் உண்டு.

நடுவே உள்ள பள்ளம்

ஆண்டுக்கு 1,20,000 என்பது மாதத்திற்கு 10,000 ரூபாய். அதுவும் முழுக் குடும்பத்திற்கும் சேர்த்து. மாதம் 12,000 ரூபாய் பெறும் ஓர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் ஆண்டு வருமானம் 1,44,000. அவர் மாநிலத் திட்டத்தின் கணக்கில் ஏழை அல்லர். கணவரும் மனைவியும் ஆளுக்கு 6,000 ரூபாய் ஈட்டினாலும் கணக்கு அதுவே. எனவே, மாதம் 10,000க்கும் 21,000க்கும் இடைப்பட்ட வருமானம் கொண்ட குடும்பத்திற்கு இஎஸ்ஐ ஒன்றே துணை. ஒப்பந்ததாரர் பதிவு செய்யாவிட்டாலோ, பிடித்தம் செய்த தொகையைச் செலுத்தாவிட்டாலோ அத்துணையும் இல்லை. வீட்டுவேலை செய்வோருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் இஎஸ்ஐ கதவு தொடக்கத்திலிருந்தே மூடியிருக்கிறது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு, இரு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினர். அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். ஊதியமும் பணிப் பாதுகாப்பும் அங்கே பேசப்பட்டன. ஒப்பந்த முறை என்பது உடல்நலச் சிக்கலும்கூட என்பதை நாம் சேர்த்துப் பேச வேண்டும்.

ஒப்பந்ததாரரின் பிழை தொழிலாளியின் உரிமையை அழிக்காது

சட்டம் இங்கே தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்பட்டவருக்கும் சந்தா செலுத்தும் முதற்பொறுப்பை முதன்மை வேலையளிப்பவர்மீதே சுமத்தியது. சந்தா செலுத்தப்படாததால் தொழிலாளி பயனை இழக்க நேர்ந்தால், செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என நிறைவுகொள்ளும் கழகம் அப்பயனைத் தானே வழங்கி, பின்னர் வேலையளிப்பவரிடம் வசூலிக்கலாம் என்றது 68ஆவது பிரிவு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இக்கோட்பாட்டைத் தொடர்கிறது. ஆகவே, “உங்கள் ஒப்பந்ததாரர் பணம் கட்டவில்லை” என்பது முழுமையான விடையன்று. வருகைப் பதிவு, ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கு வரவு, அடையாள அட்டை ஆகியவற்றுள் கிடைப்பதைக் கொண்டு பணியை மெய்ப்பித்து, கழகத்தின் மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் கோரலாம்.

அறுவைக்கு முன்பும் பின்பும்

அட்டை இருப்பவருக்கும் காப்பு முழுமையாக இல்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வெளியேறிய பிந்தைய 15 நாள் செலவுகளை ஏற்கிறது. இந்நோயின் போக்கோ மாதக் கணக்கிலானது. கட்டி தென்பட்ட நாளிலிருந்து மேமோகிராம், பயாப்சி, ஹார்மோன் ஏற்பிச் சோதனை என வாரங்கள் கழிகின்றன. அறுவைக்குப் பின் பலருக்கு ஐந்தாண்டுகள் அல்லது அதற்கு மேலும் மாத்திரை தேவை. அக்குள் நெறிக்கட்டிகள் அகற்றப்பட்டவருக்குக் கை வீக்கம் வரலாம். துடைப்பமும் கூடையும் பிடிக்கும் கைக்கு அது வேலையிழப்பு.

மார்பகத்தைக் காக்கும் அறுவையைத் தேர்ந்தால், பொதுவாகச் சில வாரங்கள் வார நாள்தோறும் கதிர்வீச்சுக்குச் செல்ல வேண்டும். கதிர்வீச்சுக் கருவி இல்லாத ஊரில் வாழும் நாட்கூலிப் பெண்ணுக்கு அத்தனை நாள் கூலியும் போகும். பேருந்துச் செலவும் சேரும். எனவே காக்கக்கூடிய மார்பகத்தையும் அகற்றிவிட அவர் இசைகிறார். ஆவணத்தில் அது நோயாளியின் விருப்பம் எனப் பதிவாகும். கூலி இழப்புக்கு ஈடு இல்லாத இடத்தில் அதை விருப்பம் என்று அழைப்பது நேர்மையாகாது.

நிறுவனக் குழுக் காப்பீடோ தனியார் காப்பீடோ உடையவர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மார்பக மறுசீரமைப்பை ‘அழகுக்கான அறுவை’ எனக் கூறி மறுப்பது செல்லாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்குகளில், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பு அவ்விலக்கிலிருந்து வெளிப்படையாக நீக்கப்பட்டுள்ளது. மறுப்பு வந்தால் முதலில் நிறுவனத்திடம் முறையிட வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லையெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

செய்யத்தக்கவை

மாநிலத் திட்டத் தகுதியை 1800 425 3993 என்ற எண்ணிலும், ஆயுஷ்மான் பாரத் தகுதியை 14555 என்ற எண்ணிலும் கேட்டறியலாம். மருத்துவமனை பணம் கேட்டால் ரசீது பெற்று, மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். வழக்குக்குச் செல்ல வசதியில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோரோடு பெண்கள் அனைவரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். தலித் கிறித்தவப் பெண்ணும் பெண் என்ற முறையில் இதைப் பெறலாம். அழைக்க வேண்டிய எண் 15100.

தனித்தனி மனுக்களால் மட்டும் பள்ளம் மூடாது. ஒப்பந்ததாரரின் பட்டியல் தொகையை விடுவிக்கும் முன், ஒவ்வொரு தொழிலாளிக்கும் இஎஸ்ஐ செலுத்திய சான்றை உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாகப் பெற வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கும் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பின்றி மாநிலக் காப்பீட்டு அட்டை வழங்க வேண்டும். கதிர்வீச்சு நாட்களுக்குக் கூலி ஈடும் பயணச் செலவும் திட்டத்தில் சேர வேண்டும். 1996இல் பச்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கில், அவசர சிகிச்சை மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் பொருட்டு உச்ச நீதிமன்றம் கூறியதை இங்கே நினைவூட்டலாம்: உயிர்காக்கும் மருத்துவக் கடமையிலிருந்து, நிதியில்லை என்று சொல்லி அரசு விலக முடியாது.