ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் கல்லூரிப் பயணம்

சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஒரு பிள்ளையின் உயர்கல்விக்கான தயாரிப்பு ஆறாம் வகுப்புச் சேர்க்கையிலேயே தொடங்கிவிடுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. இதில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. கடன் வாங்கிப் பணம் கட்டி இரண்டு வருடம் சேலத்து ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கவைத்த பெற்றோருக்கு அந்த விலக்கு கிடையாது.

இந்த மலையிலுள்ள ஏற்காட்டில் பழைய, பேர்பெற்ற உறைவிடப் பள்ளிகள் உண்டு. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியில்தான் சசி தரூரும் நடிகர் விக்ரமும் படித்தார்கள். அங்கே விண்ணப்பம், நுழைவுத் தேர்வு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எல்லாம் அன்றாடப் பேச்சு. அதே மலையில் காபித் தோட்டக் கூலி வேலைக்குப் போகும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் கல்லூரி வாசலை மிதித்தவர்களே இல்லாத வீடுகள் பல. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாததுதான் மதிப்பெண் குறைவைவிடப் பெரிய தடை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் படிப்புகளையும் கல்லூரிகளையும் அறிமுகம் செய்யும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியும், எந்தக் கல்லூரியிலும் சேராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப்பிடிக்கும் 'உயர்வுக்குப் படி' முகாமும் அதன் கிளைகள். இவற்றில் இரண்டாவதுதான் மலைப்பகுதிக்கு அதிகம் தேவை. தேர்ச்சி பெற்றும் ஜூலையில் வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளையை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வரும் ஆலோசனையால் மாற்ற முடியாத முடிவு ஒன்று பத்தாம் வகுப்பு முடிந்ததுமே எடுக்கப்பட்டுவிடுகிறது. அது பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பது. கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்தவர் பொறியியல் கவுன்சலிங்கின் 200 மதிப்பெண் கட் ஆஃபில் பாதியைத் தரும் கணக்குப் பாடத்தையே விட்டுவிட்டார். உயிரியல் படிக்காதவருக்கு மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் இல்லை. பெரும்பாலும் பக்கத்துப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறதோ அதுவே பிள்ளையின் விருப்பமாக எழுதப்படுகிறது. எனவே வழிகாட்டல் ஒன்பதாம் வகுப்பிலேயே நடக்க வேண்டும். பெற்றோரும் உடனிருக்க வேண்டும்.

அடுத்தது காகிதம். மற்ற சாதிச் சான்றுகளைத் தாசில்தார் அலுவலக அளவிலேயே பெறலாம். பழங்குடியினர் சான்றை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை நடந்து சான்று கைக்கு வர நாள் பிடிக்கும். மே மாதத்தில் ரிசல்ட் வந்தபின் மலையிறங்கி இ-சேவை மையத்தில் நிற்பவருக்குக் கவுன்சலிங் காத்திருக்காது. சான்று கையில் இருந்தால் பழங்குடியினருக்கான ஒரு விழுக்காடு ஒதுக்கீடும், பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் தனிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் சேர்ந்தபின் கைச்செலவுக்கு, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் 'புதுமைப் பெண்', மாணவர்களுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' என மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு மலையடிவாரத்திலேயே விடை இருக்கிறது. கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரியும் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகமும் உள்ளன. சேலம் நகரில் 1857-இல் தோன்றிய அரசு கலைக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி, கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். வேலையும் மலைக்கு வெளியில்தான் என்றில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இயங்குகிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் காப்பகமும் அங்கேதான். காபி, மிளகு, ஆரஞ்சு என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தோட்டக்கலைப் பட்டம் பொருத்தமான படிப்பு. ஆனால் அதற்கான விண்ணப்பம் பொறியியல் கவுன்சலிங்கோடு சேராது. தனியாகப் போட வேண்டும்.