இணைய மறுத்த பச்சோந்தி

நேரத்துக்கொரு கொள்கை பேசுவோனைப் பச்சோந்தி என்று இகழ்வது நம்மவர் வழக்கு. மாணவரும் கட்டுரைகளில் அவ்வுவமையைத் தயங்காது கையாளுவர். யாமும் அதனைத் திருத்தாது விட்டு வந்தோம். அது பொருந்தா உவமை என எமக்கு உணர்த்தியவர், எம்மிடம் தமிழ் பயின்று இப்போது ஜேர்மனியில் வாழும் பழைய மாணவர் ஒருவர். விடுமுறையில் வந்து எம்மைக் கண்டபோது தாம் வளர்க்கும் பச்சோந்திகளைப் பற்றி அவர் கூறியவற்றையும், அதன்பின் யாம் தேடிப் படித்தவற்றையும் இம்மலர் வாயிலாகப் பகிர விழைகின்றோம்.

அவர் வளர்ப்பது யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியிலும் வாழும் இனம். 1851 ஆம் ஆண்டில் அது விஞ்ஞானப் பெயர் பெற்றது. ஆணின் தலைமேல் உயர்ந்த கொண்டை உண்டு; பின்னங்காலின் குதியில் சிறு முள் உண்டு. குஞ்சு பெறும் விருப்பினால் அவர் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரே கூட்டில் விட்டுக் காத்திருந்தார். வாரங்கள் கழிந்தன. ஆணோ உடல் கருத்து, இலை மறைவில் ஒடுங்கி, இரையையும் குறைத்துக்கொண்டது. அது பழுதுடையதென எண்ணி வேறோர் ஆணை வாங்க முனைந்தார். அதற்குமுன் விலங்கு மருத்துவரிடம் காட்டியபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே: “அந்தப் பெண்ணின் கண்ணிற் படாமல் இருக்க இதற்கு ஓரிடமாவது உண்டா?”

பச்சோந்தி தனித்து வாழும் உயிர். மற்றொன்று ஓயாது எதிரில் நிற்பது அதற்குத் துணையன்று, அச்சுறுத்தலேயாம். காட்டில் அது விலகிச் செல்லலாம். கூட்டில் எங்கே செல்லும்? கண்ணாடியில் தெரியும் தன் உருவையே பகையென மயங்கி வாடுவதும் உண்டு. ஆதலின் முதற் பரிகாரம் பிரித்து வைத்தலே. இரண்டையும் வெவ்வேறு கூட்டில், ஒன்றையொன்று காணாவாறு வைத்தல் வேண்டும்.

அடுத்தது உடல்நலம். கழியூதாக் கதிர் தரும் விளக்கு இன்றேல் அதன் உடலில் விற்றமின் டி உண்டாவது குன்றும். கல்சியம் சேராது எலும்பு நலியும். கிண்ணத்து நீரை அது பெரும்பாலும் நாடாது. இலைகளிற் படியும் துளிகளையே நக்கிப் பருகும். ஆதலின் நாள்தோறும் நீர் தெளித்தல் வேண்டும். புதிதாக இடம் மாறிய ஆணுக்குச் சில வாரம் ஓய்வும் தருதல் நன்று.

மூன்றாவது, பெண்ணின் நிறத்தை வாசித்தல். வெளிர்பச்சை உடலில் நீலப்பச்சைப் புள்ளிகள் தோன்றின் அது இணங்குகின்றது. உடல் கருத்து, மஞ்சளும் நீலமுமான புள்ளிகள் எழ, வாய் திறந்து சீறினால் அது மறுக்கின்றது. மறுக்கும் பெண்ணின் முன் ஆண் தயங்குவது குறையன்று, அறிவுடைமை எனலாம்.

இணக்கம் தெரிந்தபின் சில நிமிடம் தொலைவிலிருந்து ஒன்றையொன்று காணவிட்டு, பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டு செல்வர். பழகிய இடத்தில் ஆணுக்கு அச்சம் குறைவு. விருப்புற்ற ஆண் உடலைத் தட்டையாக்கி, நிறம் பொலிந்து, வாலைச் சுருட்டித் தலையசைக்கும். அக்குறி தோன்றாவிடின் உடனே பிரித்து மறுநாள் முயலலாம். கடித்துப் புண்படுத்தும் இயல்பு இரண்டுக்கும் உண்டாதலின் காவலின்றி விடுதல் தகாது.

நிறம் மாறும் முறையையும் கூறுவோம். ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து 2015 இல் அதனை விளக்கினர். தோற் கலங்களில் நுண்பளிங்குகள் அடுக்கப்பட்டுள்ளன. அமைதியில் அவை நெருங்கிப் பச்சை தெரியும்; கிளர்ச்சியில் விலகி மஞ்சளும் சிவப்பும் தெரியும். ஆகவே நிறமாற்றம் இருக்கும் இடத்தைப் போலியாக்கும் வேடம் மட்டுமன்று. பெரும்பாலும் உள்நிலையை உரைக்கும் மொழி.

எம் மாணவர் பிரித்து வைத்துப் பொறுத்தார். மூன்றாம் மாதத்தில் இணைந்தன. ஏறத்தாழ நான்கு வாரத்தில் பெண் ஈரமணலில் முட்டையிட்டது. இவ்வினம் ஒருமுறையில் இருபது முதல் எழுபது வரை இடக்கூடும். குஞ்சு பொரிக்க ஆறு முதல் ஒன்பது மாதமாகலாம். முட்டையிட முடியாது பெண் இறப்பதும் உண்டு. அத்தனை குஞ்சுகளுக்கும் தனித்தனி இடம் தரவியலாதவர் இம்முயற்சியில் இறங்கலாகாது என்பதையும் அவர் வற்புறுத்தினார்.

நம் நாட்டின் உலர் வலயத்திலும் ஒரு பச்சோந்தி வாழ்கின்றது. 1768 இல் அதற்குப் பெயரிட்டவர் இலங்கையின் பெயரையே சூட்டினார். அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற உயிர். பிடித்தலும் அடைத்தலும் குற்றமாம். மாணவர் அதனை மரத்திற் கண்டு மகிழ்வதோடு அமைக.

விடைபெறும்போது அவர் நகைத்துக்கொண்டே, “ஐயா, பேச்சுப் போட்டி மேடையில் என்னை வலிந்து ஏற்றினீர்களே, நினைவிருக்கிறதா?” என்றார். நினைவிருந்தது. வாய் திறவாது நின்ற அச்சிறுவனைப் பிடிவாதக்காரன் என வகுப்பறிய வைததும் நினைவிருந்தது. அன்று அவன் முகம் வெளிறியதை யாம் வாசித்தோமில்லை.

இப்போது கட்டுரைகளில் அவ்வுவமை வரும்போது சிவப்பு மையாற் கோடிட்டு, அருகே “பச்சோந்தி பொய் சொல்வதில்லை” என்று எழுதுகின்றோம். பேசத் தயங்கும் பிள்ளையைப் பின்வாங்கிலிருந்து எழுப்புமுன் அவன் முகத்தையும் ஒருகணம் நோக்குகின்றோம்.