மலை மறைவில் மார்லின் வேட்டை

ஆழ்கடலில் பெருமீன் பிடிக்க நாள் வாடகைக்குப் படகு எடுப்பவர்களுக்குப் பெரும்பாலான ஊர்களில் முதல் எதிரி தூரம்தான். ஆழக் கடலை எட்டவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். வாந்தியெடுத்து ஓய்வதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும். ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குக் கரையான கோனாவில் இந்தத் தொல்லை இல்லை. ஹோனோகோஹாவ் துறைமுக வாயைத் தாண்டிய சில நிமிடங்களிலேயே தூண்டிலை இறக்கிவிடுகிறார்கள். இன்னும் சில மைல் போனால் ஆயிரம் பாகம் ஆழம். மீட்டர் கணக்கில் 1,800-க்கு மேல்.

தீவு பிறந்த விதம்தான் இதற்குக் காரணம். பெருந்தீவு முழுவதுமே எரிமலைக் குழம்பு இறுகி எழுந்த மேடு. நீருக்கு மேலே மௌனா லோவாவாக 4,169 மீட்டரும், ஹுவலலாயாக 2,521 மீட்டரும் உயர்ந்து நிற்கும் மலைகளின் சரிவு, கரையோடு நின்றுவிடாமல் கடலுக்குள்ளும் இறங்கிக்கொண்டே போகிறது. சோழமண்டலக் கரையில் நாம் பார்க்கிற, மெல்ல மெல்ல ஆழமாகும் கண்டத்திட்டு அங்கே கிடையாது. போதாததற்கு, ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்றை இந்த மலைகள் மறித்துவிடுகின்றன. தீவின் மறுபக்கத்தில் கடல் கொந்தளிக்கும் நாளிலும் கோனா குளமாகக் கிடக்கும்.

மறிக்கப்பட்ட காற்று சும்மா போய்விடுவதில்லை. மவுயி தீவுக்கும் பெருந்தீவுக்கும் நடுவிலுள்ள அலெனுயிஹாஹா கால்வாய் வழியாக நெருக்கிக்கொண்டு பாய்கிறது. அந்த வேகத்துக்கும் மலை மறைவின் அமைதிக்கும் இடைப்பட்ட எல்லையில் கடல் நீர் பெரும் சுழல்களாகச் சுற்றத் தொடங்குகிறது. இடஞ்சுழியாகச் சுற்றும் சுழலின் நடுவே, அடியிலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் மேலேறி வருகிறது. அதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தேடிச் சிறுமீன்களும், சிறுமீன்களைத் தேடிச் சூரையும், சூரையைத் தேடி நீல மார்லினும் வருகின்றன. நீல மார்லினின் இளங்குஞ்சுகளும் இதே மலை மறைவு நீரில் கிடைத்திருக்கின்றன. ஆக, அது மார்லினுக்கு இரை தேடும் இடம் மட்டுமல்ல, பிள்ளை பெறும் இடமும்கூட.

மார்லினை நாம் நேரில் பார்த்திராவிட்டாலும் ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ வழியாகப் பலருக்குத் தெரிந்திருக்கும். நம் கடலில் கிடைக்கும் மயில்மீனுக்கு நெருங்கிய உறவு. மேல்தாடை ஈட்டிபோல நீண்டிருக்கும். மயில்மீனின் தோகை போன்ற பெரிய முதுகுத் துடுப்பு மட்டும் இதற்கு இல்லை.

இனி படகு. முப்பது முதல் நாற்பத்தைந்து அடி வரை நீளம் இருக்கும். கேப்டன் ஒருவர், உதவியாள் ஒருவர். அமெரிக்கச் சட்டப்படி இந்த வகைப் படகில் கட்டணம் கொடுத்து வருபவர்கள் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது. முழுநாள் என்றால் சுமார் எட்டு மணி நேரம்: காலை ஏழு மணி வாக்கில் கிளம்பி, பிற்பகல் மூன்றை ஒட்டித் திரும்புவார்கள். வாடகை ஆயிரம் டாலரை ஒட்டியோ தாண்டியோ போகும். தூண்டில், இரை, எரிபொருள் எல்லாம் அதில் அடங்கிவிடும். கேப்டன் உயரத்தில் உட்கார்ந்து, பறவைகள் எங்கே கூடுகின்றன, டால்பின்கள் எங்கே துள்ளுகின்றன என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவார். மஞ்சள் துடுப்புச் சூரைக்கு டால்பின் கூட்டத்தின் அடியிலேயே நீந்தும் பழக்கம் உள்ளது என்பதால், டால்பினைப் பார்த்தால் சுக்கான் அந்தப் பக்கம் திரும்பும். மீன்கள் நிழலுக்கு ஒதுங்கட்டும் என்று மாநில அரசே ஆழக்கடலில் நங்கூரமிட்டு வைத்திருக்கும் மிதவைகளும் உண்டு. அவற்றையும் ஒரு சுற்று பார்த்து வருவார்கள்.

படகு நிற்பதே இல்லை. மணிக்கு ஏழு முதல் ஒன்பது கடல் மைல் வேகத்தில், பின்னால் ஐந்து இரைகளை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் நீண்ட கழிகள் சாய்வாக நீட்டியிருக்கும். தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்காமல் அகல விரித்துப் பிடிப்பது அவற்றின் வேலை. இரை படகிலிருந்து எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பதை உதவியாள் அடிக்கணக்கில் அளப்பதில்லை. படகு கிளப்பிவிடும் அலைகளை எண்ணுகிறார். இது இரண்டாம் அலையில், அது நாலாம் அலையில், கடைசி இரை வெகுதூரத்தில் தனியாக. ஒவ்வொன்றும் அலையின் முகப்பில் சரியாக நிற்கும்வரை நரம்பைச் சாண் சாணாக விட்டும் இழுத்தும் பார்ப்பார். நன்றாக அமைந்த இரை மேலே வந்து காற்றைக் கவ்வும், தலையை ஆட்டிக்கொண்டு முங்கும், வெண்புகை போல ஒரு குமிழித் தடத்தை விட்டபடி ஓடும், மறுபடி மேலே வரும். இதை நாலைந்து மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

அந்த இரைகளில் பெரும்பாலானவை உயிருள்ளவை அல்ல. பிசின் வார்த்த தலை, ரப்பர் குஞ்சம், உள்ளே கோத்த பெரிய முள், அவ்வளவுதான். கோனாவின் முன்னோடிக் கேப்டன்களில் ஒருவரான ஹென்றி சீ, மதுக்கடைக் கண்ணாடித் தம்ளர்களையே அச்சாக்கி அவற்றில் பிசினை ஊற்றித் தலை வார்த்தவர். இன்று உலகெங்கும் மார்லின் பிடிக்கப் பயன்படும் பிசின்தலை இரைகளின் வம்சாவளியைத் தேடினால் ஹவாயில் போய்த்தான் முடியும். உயிர் இரை வேண்டுமென்றால், முதலில் சிறிய சூரை ஒன்றைப் பிடித்துத் தலைகீழாக ஒரு குழாயில் செருகிவிடுவார்கள். அடியிலிருந்து பம்பு கடல்நீரை அதன் வாய்க்குள் பீய்ச்சிக்கொண்டிருக்கும். சூரைக்கு நீந்தினால்தான் மூச்சு, நிறுத்திவைத்தால் செத்துவிடும். பிறகு அதன் கண்குழி வழியாக நூலைக் கோத்து, முள்ளைச் சதையில் ஏற்றாமல் தலைக்கு மேலே கட்டி நீரில் விடுவார்கள். இந்தக் கட்டு முழுவதையும் ஒரு நிமிடத்துக்குள் முடிப்பவர்தான் நல்ல உதவியாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை. பல நாட்களில் மார்லின் வருவதில்லை. மாஹி-மாஹி வரும், கோனாக்காரர்கள் ஓனோ என்கிற வாஹூ வரும், அதுவும் இல்லாமல் வெறும் வெயிலோடு திரும்பும் நாளும் உண்டு. விளம்பரப் படங்களில் இது இருக்காது.

வந்தால் எப்படித் தெரியும்? நரம்பு உருவப்படும்போது ரீலின் கிளிக்கர் அலறும். காலையிலிருந்து தூங்கி வழிந்த படகில் அந்த ஒரு சத்தத்துக்கு எல்லோரும் துள்ளி எழுவார்கள். கேப்டன் உடனே வேகத்தைக் குறைத்துவிட மாட்டார். முள் ஆழப் பதியச் சிறிது தூரம் ஓட்டுவார். உதவியாள் மற்ற நான்கு நரம்புகளையும் சுருட்டி எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் சண்டை நாற்காலியில் ஏறி உட்கார வேண்டும். படகின் பின்தளத்தில் தரையோடு பொருத்திய சுழல் நாற்காலி அது. கால் ஊன்றப் பலகை இருக்கும், இடுப்பைத் தாங்கும் பட்டை ரீலோடு இணைந்திருக்கும். கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் போய்விடும் என்பதால், காலை உதைத்து உடம்பை நிமிர்த்தித் தூண்டில் தடியை உயர்த்துவதும், உடம்பைத் தாழ்த்தும்போது நரம்பைச் சுற்றுவதும்தான் முறை.

ரீலுக்குள் நடப்பது சுவையான இயற்பியல். பெருமீனுக்கான 130 பவுண்டு நரம்பு, கிட்டத்தட்ட 60 கிலோ இழுவையைத் தாங்கும். ஆனால் ரீலின் பிரேக்கை அந்த அளவுக்கு இறுக்குவதில்லை. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோவை ஒட்டியே வைக்கிறார்கள். ஏன் என்றால், மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட ரீலில் சுற்றியிருக்கும் நரம்பின் விட்டம் குறைகிறது. பிரேக் மாறாவிட்டாலும் இழுக்கத் தேவைப்படும் விசை ஏறிக்கொண்டே போகும். விட்டம் பாதியானால் விசை இரட்டிப்பாகும். இத்தோடு, நீருக்குள் வளைந்து கிடக்கும் சில நூறு மீட்டர் நரம்பே ஒரு பெரும் இழுவை. எனவே மீன் தூரம் போகும்போது பிரேக்கை இறுக்கத் தோன்றும் கையை அடக்கி, தளர்த்த வேண்டும். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் மீனைத் தவறவிடுகிறார்கள்.

ரீலை நம்பிக் கணக்குப் போட்டதில் அறிவியலே ஏமாந்த கதை ஒன்றும் உண்டு. மயில்மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்போம். புளோரிடாவில் ஒரு மயில்மீன் மூன்று விநாடியில் 100 கெஜம் நரம்பை இழுத்துக்கொண்டு போனது என்ற பழைய கணக்குதான் அதற்கு ஆதாரம். பிற்காலத்தில் தசைகள் சுருங்கும் வேகத்தை அளந்து பார்த்தவர்கள், விநாடிக்கு எட்டு முதல் பத்து மீட்டர்வரைதான் சாத்தியம் என்கிறார்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அரை டன் எடையுள்ள மார்லினுக்கு அந்த வேகமே போதும்.

மார்லினின் உண்மையான அதிசயம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்று, அசைக்கும் வேலையை விட்டுவிட்டு வெப்பம் உண்டாக்கும் உறுப்பாக மாறியிருக்கிறது. உடம்பு கடல்நீரின் குளிரிலேயே இருக்க, மூளையும் கண்ணும் மட்டும் சூடாக இருக்கும். வாள்மீனில் இந்த உறுப்பைப் பிரான்சிஸ் கேரி 1982-ல் விவரித்தார். பார்பரா பிளாக் என்ற ஆய்வாளர் இது எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தார். சூடான விழித்திரை வேகமாக நகர்வதைப் பிரித்துப் பார்க்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தின் குளிரிலிருந்து மேலே வந்ததும், ஒன்பது கடல் மைல் வேகத்தில் ஓடும் குஞ்சத்தைத் துல்லியமாக அடிக்க முடிவது இதனால்தான்.

மீன் அருகில் வந்ததும் நாற்காலியில் இருப்பவரின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நரம்பின் நுனியில் உள்ள தடித்த பகுதியை உதவியாள் கையுறை போட்ட கையில் இரண்டு சுற்று சுற்றி இழுக்கிறார். மீன் திடீரென்று பாய்ந்தால் அந்தச் சுற்று ஒரே அசைவில் கழன்று வர வேண்டும். கழலாவிட்டால் ஆள் கடலில்தான். முழுநாள் பயணத்தில் மிக ஆபத்தான அரை நிமிடம் இது. சம்பளத்துக்கு மேல் அவருக்கு வாடகையில் 15 முதல் 20 சதவீதம்வரை அன்பளிப்பு கொடுப்பது அங்கே வழக்கம், நியாயமும்கூட.

பார்க்கப்போனால் மீனைப் பிடிப்பது படகுதான். இடத்தைத் தேடியது கேப்டன், இரையை நிறுத்தியது உதவியாள், மீன் ஓடும்போது பின்னோக்கி ஓட்டி நரம்பை மீட்டுக் கொடுத்ததும் கேப்டன். வாடிக்கையாளர் கைப்பிடியைச் சுற்றினார். ஆனால் சாதனைப் புத்தகத்தில் ஏறுவது அவர் பெயர் மட்டும். அதனால்தான் 1939-ல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம், தடியை வேறு யாரும் தொடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறது. 1970-ல் ஓவாஹு தீவருகே ‘கொரீன் சி’ என்ற வாடகைப் படகு 1,805 பவுண்டு, அதாவது 819 கிலோ நீல மார்லினைக் கொண்டுவந்தது. ஒருவருக்கு மேற்பட்டோர் தடியைப் பிடித்ததால் அது சாதனையாகவில்லை. பசிபிக் நீல மார்லினுக்கான சாதனை, 1982-ல் கோனாவில் பிடிபட்ட 1,376 பவுண்டு மீனிடமே இருக்கிறது.

இப்படிப்பட்ட ராட்சத மீன்கள் அனைத்தும் பெண்கள். ஆண் மார்லின் 160 கிலோவைத் தாண்டுவதே அரிது. ஆக, படத்துக்காகத் தூக்கிலிட்டதுபோல் தொங்கவிடப்படும் ஒவ்வொரு ஆயிரம் பவுண்டு மீனும் லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தப் படத்தைப் பெருமையோடு பார்க்க என்னால் முடியவில்லை. விட்டுவிடுவதற்கும் கோனாவில் வழியிருக்கிறது. 1959-ல் தொடங்கிய ஹவாய்ப் பன்னாட்டு மார்லின் போட்டியில் 2009 முதல் சில மீன்களுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடுகிறார்கள். சில மாதம் கழித்துக் கருவி தானே கழன்று மிதந்து, மீன் போன வழியைச் சொல்கிறது. அதிக தூரம் போன மீனுக்கு வெற்றி.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். அமெரிக்கா 2012-ல் மார்லின், மயில்மீன் விற்பனையைத் தடை செய்தபோது ஹவாய்க்கு விலக்கு கொடுத்தது. 2018-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கே பிடித்ததைத் தீவுகளிலேயே விற்க வேண்டும் என்றது. மார்லினைப் புகையிட்டுச் சாப்பிடுவது அங்குள்ளவர்களின் பழைய வழக்கம். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பல வாடகைப் படகுகளில், பிடிபடும் மீன் படகுக்கே சொந்தம் என்பதும் நெடுநாள் நடைமுறை. வாடிக்கையாளருக்குச் சமைக்கும் அளவுக்கு ஒரு துண்டு கிடைக்கும். மீதியை விற்கலாம் என்பதால், மீனை விட்டுவிட எல்லாப் படகும் சம்மதிப்பதில்லை.

என்றாவது ஹவாய் போய் இப்படி ஒரு படகில் ஏற வாய்த்தால், குமட்டல் மாத்திரையை முந்தைய இரவே போட்டுக்கொள்ளுங்கள். கடலில் இறங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. படகை முன்பதிவு செய்யும்போதே, மார்லின் கிடைத்தால் அது யாருக்கு, உயிரோடு விடச் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். சம்மதமில்லாத படகை விட்டு, விடும் படகைத் தேர்ந்தெடுங்கள். மீன் படகோரம் வந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.