பார்க்கலாம், தொடக்கூடாது: மாணவர் காணொளிகள் யாருக்குச் சொந்தம்?

2007-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் வகுப்பில் இருந்த 200 மாணவர்கள், தங்கள் பேராசிரியர் மைக்கேல் வெஷ்ஷுடன் சேர்ந்து ஒரு காணொளி எடுத்தார்கள். 'எ விஷன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் டுடே' என்று பெயர். ஐந்து நிமிடம்கூட ஓடாது. ஆளில்லாத பெரிய வகுப்பறைக்குள் கேமரா நுழைகிறது. அடுத்து இருக்கைகளில் மாணவர்கள். யாரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொருவராகத் தாளையோ மடிக்கணினியையோ தூக்கிக் காட்டுகிறார்கள். என் வகுப்பில் சராசரியாக 115 பேர் என்கிறது ஒன்று. ஆசிரியர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான் என் பெயர் தெரியும் என்கிறது மற்றொன்று. படிக்கச் சொன்னதில் 49 சதவீதம்தான் படித்து முடிக்கிறேன் என்கிறார் இன்னொருவர்.

இந்த எண்கள் அவர்கள் தங்களுக்குள்ளேயே கணக்கெடுத்தவை. வசனத்தையும் கூகுள் டாக்ஸில் எல்லோருக்கும் திறந்து வைத்து, மொத்தம் 367 முறை திருத்தினார்கள். இது யாருடைய படைப்பு என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. உலகம் முழுக்க ஆசிரியர்கள் அதைப் போட்டுக் காட்டி விவாதித்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரி கடைசியில் வெஷ் தாமே ஒரு காணொளி வெளியிட்டிருந்தார். இணையம் எல்லோரும் எழுதுகிற இடமாக மாறியதை விளக்கும் 'தி மெஷின் இஸ் அஸ்/இங் அஸ்'. அதன் பின்னணி இசை, ஐவரி கோஸ்டைச் சேர்ந்த டியூஸ் என்ற கலைஞருடையது. பிறர் எடுத்தாள முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு அந்த இசை முன்பே வெளியாகியிருந்ததால், கான்சாஸில் இருந்த ஒரு பேராசிரியர் அதை எடுத்தாள முடிந்தது. வெஷ்ஷும் தம் காணொளியை அதே போலத் திறந்து விட்டார்: இறக்கிக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், பகிருங்கள், என் பெயரைச் சொல்லுங்கள், விற்காதீர்கள். ஆப்பிரிக்காவில் பிறந்த ஒரு மெட்டு அமெரிக்க வகுப்பறை வழியாகப் பிறர் கைக்குப் போனது இப்படித்தான்.

இதைத்தான் எண்ணிமப் பொதுச்சொத்து என்கிறோம். நம் ஊர் ஏரியை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். ஏரி ஊருக்கே பொது. ஆனால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மடையைத் திறந்துவிட முடியாது. முறை வைத்துத் தண்ணீர் விட நீர்க்கட்டி என்று ஓர் ஆள் உண்டு. ஊரார் கூடித் தூர்வாரக் குடிமராமத்து உண்டு. சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயினின் பாசனக் கால்வாய்களையும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் காட்டியதும் இதுதான்: பொதுச்சொத்து என்றால் ஒரு வளம், அதைக் காக்கும் மக்கள், அவர்கள் வகுத்த விதி, மூன்றும் சேர்ந்தது. அந்த ஆய்வுக்காக 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அதற்கு முன்பே அவரும் சார்லட் ஹெஸ்ஸும் அறிவையும் இதே கண்ணோடு பார்த்தார்கள். ஏரி நீர் எடுக்க எடுக்கக் குறையும்; காணொளி பார்க்கப் பார்க்கக் குறையாது. அதற்கு ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. ஒன்று வேலி, இன்னொன்று கவனிப்பின்மை.

வேலி எங்கே என்று கேட்கலாம். யூடியூபில் எல்லாம் இலவசமாகத்தானே கிடக்கிறது? இலவசமாகப் பார்ப்பது வேறு, பொதுவாக உடைமை கொள்வது வேறு. காணொளியைப் பதிவேற்றும்போது நாம் எதையும் மாற்றாவிட்டால் யூடியூபின் வழக்கமான உரிமம்தான் அமையும். அதன்படி மற்றவர் பார்க்கலாம்; இறக்கி, வெட்டி, தம் மொழியில் குரல் கொடுத்து வெளியிட முடியாது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அப்படியே: எங்கும் பதிவு செய்யாமலே உரிமை பிறந்துவிடுகிறது, வெளியான பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நீராவி இயந்திரத்தை விளக்கி எடுத்த படத்தைப் பக்கத்து ஊர்ப் பள்ளி திருத்திப் பயன்படுத்த நினைத்தால், சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். யாரிடம்? படித்து முடித்து அவர்கள் எங்கோ போயிருப்பார்கள்.

மேடையும் நிலையானதல்ல. பல படைப்பாளிகள் நம்பியிருந்த பிளிப் டிவி என்ற காணொளித் தளம் 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. கூகுள் வீடியோவும் 2012-இல் நின்றுபோனது. தனியார் இடத்தில் வைத்த பொதுச்சொத்துக்கு மறு பிரதி வேண்டும்.

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில், கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் சுமார் பத்து நிமிடக் காணொளிகள் உருவாகின்றன. மாணவர்களும் இதில் பங்களிக்கிறார்கள். வேலை நடக்கும் முறையைக் கவனியுங்கள். முதலில் இரண்டு பத்தியாக எழுத்துப் பிரதி: இடப்பக்கம் திரையில் என்ன தெரிய வேண்டும், வலப்பக்கம் என்ன பேச வேண்டும். அந்த மென்பொருளே தெரியாத ஒருவர் அதைப் படித்துச் செய்து பார்க்கிறார். அவர் தடுக்கி நிற்கும் இடத்தில் பிரதி திருத்தப்படுகிறது. அப்புறம்தான் ஒலிப்பதிவு. திரை அப்படியே இருக்க, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் மட்டும் மாறுகிறது. பெயர் சொல்லி, அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனையோடு எவரும் எடுத்தாளலாம். காணொளியோடு எழுத்துப் பிரதியும் பொதுவில் இருப்பதால்தான் மொழிபெயர்ப்பு எளிதாகிறது. என் கணிப்பில் இத்திட்டத்தின் உயிர்நாடி இதுவே.

நம் பள்ளி, கல்லூரிகளில் மாணவர்கள் காணொளி எடுக்காத பருவமே இல்லை. தெருக்கூத்துக் கலைஞரின் பேட்டி, வாய்க்கால் ஆய்வு, வேதியியல் சோதனை என்று எத்தனையோ. மதிப்பெண் போட்டதும் அவை கைப்பேசியோடு போய்விடுகின்றன. தப்பியவற்றிலும் பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடும். அந்தப் பாட்டு ஒன்றே போதும், முழுப் படத்தையும் பொதுவில் விட முடியாதபடி கட்டிப்போட. பறை அடிப்பவர் அருகிலேயே இருக்கும்போது அவர் சம்மதத்தோடு அவர் இசையைப் பதிவு செய்யலாமே.

உரிமத்தில் ஒரு நுணுக்கம். 'விற்காதீர்கள்' என்ற நிபந்தனை நல்லதாகத் தோன்றும். ஆனால் அது இருந்தால் விக்கிமீடியா பொதுவகம் ஏற்காது. விக்கிப்பீடியா கட்டுரையில் அந்தக் காணொளியைச் சேர்க்க முடியாது. பெயர் மட்டும் கோரும் உரிமமோ, அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் உரிமமோ போதும். யூடியூபிலும் 2011 முதல் பெயர் கோரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொன்று, முகம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் முகத்தைப் பொதுவில் விடும் முன் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம் வாங்க வேண்டும். பிள்ளைக்கும் விருப்பம் இருக்க வேண்டும். தயங்கினால் கைகளையும் கருவியையும் மட்டும் காட்டிக் குரலில் விளக்கலாம். நல்ல அறிவியல் காணொளிக்கு அதுவே போதும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காணொளிச் செயல்திட்டம் கொடுக்கும்போது மதிப்பெண் பட்டியலில் இன்னொரு வரியையும் சேருங்கள்: படத்தின் கடைசிச் சட்டகத்தில் எடுத்தவர்கள் பெயரும் உரிமமும் இருக்க வேண்டும், எழுத்துப் பிரதியும் மூலக் கோப்பும் பள்ளியிடம் ஒரு பிரதி, இணையக் காப்பகத்தில் ஒரு பிரதி. அடுத்த ஆண்டு மாணவர்கள் வெறுங்கையோடு தொடங்காமல், அதைத் திருத்துவதிலிருந்து தொடங்கட்டும்.