திறவுகோலும் அமானிதம்தான்

சைபர் பாதுகாப்பு என்றதும், அது கணினி படித்தவர்களின் வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், இணைய மோசடியில் பணத்தையும் நிம்மதியையும் இழந்த குடும்பங்களிடம் விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்பட்டிருக்காது. திருடன் திறவுகோலைக் கேட்டிருப்பான். வீட்டிலுள்ள ஒருவரே எடுத்துக் கொடுத்திருப்பார். ஓடிபி, ஏடிஎம் பின் எண், ஆதார் நகல், சிம் கார்டு எல்லாமே இன்று திறவுகோல்கள்தாம். எனவே, மனிதர், நிர்வாகம், சட்டம் ஆகிய மூன்று பக்கங்களையும் நாம் அறிந்துகொள்வது அவசியம்.

அச்சமும் ஆசையும்

மோசடிக்காரனுக்கு மிகவும் கைகொடுப்பது நம் அச்சம்தான். காக்கிச் சட்டையுடன் வீடியோ அழைப்பில் ஒருவன் தோன்றுகிறான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்கிறான். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பயங்கரவாதிகளுக்குப் பணம் போயிருக்கிறது என்கிறான். இந்தக் குற்றச்சாட்டு முஸ்லிம் குடும்பங்களை எப்படி நடுங்கவைக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பிறகு, “நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்; அறையை விட்டு வெளியே போகக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது” என்று மிரட்டிப் பணத்தைக் கறக்கிறான்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தமது வானொலி உரையில் இது குறித்து எச்சரித்தார். கைது செய்ய வரும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சட்டம் குடும்பத்தாருக்குச் சொல்லச் சொல்கிறது. மோசடிக்காரனோ அவர்களிடம் மறைக்கச் சொல்கிறான். அவனை அடையாளம் காண இது ஒன்றே போதும்.

தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 49:6). அழைப்பைத் துண்டிப்பதும், வீட்டில் ஒருவரிடம் சொல்வதும், அருகிலுள்ள காவல் நிலையத்தில் கேட்டறிவதும் இக்கட்டளையை இன்று நாம் செயல்படுத்தும் முறை.

ஆசை வழியாக வரும் ஆபத்து இன்னும் கசப்பானது. வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சில நாள்களுக்குக் கொடுத்தால் கமிஷன் தருவதாகக் கல்லூரி மாணவர்களிடம் பேசுகிறார்கள். எங்கோ ஒரு முதியவரிடம் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் கைமாறுகிறது. காவல் துறை தேடி வருவதும் கணக்குக்குரிய பிள்ளையைத்தான். பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒருவருக்கொருவர் துணைபோகக் கூடாது என்ற இறைக்கட்டளைக்கு (அல்குர்ஆன் 5:2) இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? “எனக்குத் தெரியாது” என்று பிறகு சொல்வதைவிட, முன்பே பிள்ளைகளிடம் இதைப் பேசிவிடுவது நம் கடமை.

நிர்வாகத்தின் பொறுப்பு

ஹிஜ்ரத் பயணத்தை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஸவ்ர் குகையில் தங்கியிருந்தபோது, மக்காவின் செய்திகளைக் கொண்டுவந்தவர் அபூபக்கர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் (ரலி). ஆட்டு மந்தையை அவ்வழியே ஓட்டிக் காலடித் தடத்தை அழித்தவர் ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி). திட்டம் தெரிந்தவர்கள் மிகச் சிலர். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. அதே வேளையில், மக்காவாசிகள் நபியவர்களிடம் ஒப்படைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்கள் ஊரிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அந்த இரவிலும் அமானிதம் மறக்கப்படவில்லை.

இன்று நம் ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. பைத்துல்மால் உதவி பெறும் விதவைகளின் பட்டியல் இருக்கிறது. மதரஸா மாணவர்களின் ஆதார் நகலும், உம்ரா செல்வோரின் பாஸ்போர்ட் நகலும் யாரோ ஒருவரின் கைபேசியில் கிடக்கின்றன. இவையும் அமானிதங்கள்தாம். உதவி பெறுவோரின் பெயர், படம், வங்கி விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவர்களுடைய மானத்தைக் கடைத்தெருவில் வைப்பதற்குச் சமம்.

நிர்வாகிகள் செய்ய வேண்டியவை எளிமையானவை. யாருக்கு எந்த விவரம் தேவையோ, அது மட்டும் அவரிடம் இருக்கட்டும். பொறுப்பிலிருந்து ஒருவர் விலகும் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஜமாஅத் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். “கணக்கு எண் மாறிவிட்டது” என்று செய்தி வந்தால், ஏற்கனவே தெரிந்த எண்ணில் பேசி உறுதிசெய்யாமல் பணம் அனுப்பாதீர்கள். உண்டியலில் ஒட்டியுள்ள கியூஆர் கோடின் மீது வேறொன்று ஒட்டப்பட்டிருக்கிறதா என்று ஜும்ஆதோறும் பாருங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66சி பிரிவு பிறருடைய கடவுச்சொல், அடையாளம் ஆகியவற்றைத் திருடுவதையும், 66டி பிரிவு கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் குற்றமாக்குகின்றன. இரண்டுக்கும் 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் 66இ பிரிவின்படி குற்றம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. மதரஸா நிர்வாகிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வழியுண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே ஓடிபியைக் கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சேரும். தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

ஆனால், அந்த நிமிடங்களை நம்மிடமிருந்து பறிப்பது பெரும்பாலும் வெட்கம்தான். “வாப்பா திட்டுவார்” என்று மகனும், “ஊர் என்ன சொல்லும்” என்று தாயும் மறைக்கிறார்கள். மாற்றியமைக்கப்பட்ட படத்தைக் காட்டி ஒரு பெண்பிள்ளையை மிரட்டுபவன் நம்பியிருப்பதும் இந்த மௌனத்தைத்தான். படத்தைப் பார்த்ததும் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வீடு, மிரட்டுபவனுக்கே பலம் சேர்க்கிறது. ஆபாசப் படங்கள் தொடர்பான புகார்களைத் தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் எந்தப் புகாருக்கும் முன்னால், “என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்” என்ற தைரியத்தைப் பெற்றோர் கொடுத்திருக்க வேண்டும். இன்றிரவு சாப்பிட உட்காரும்போதே அதைச் சொல்லிவிடுவோம்.

வஞ்சகர்களின் தீங்கிலிருந்து நம் குடும்பங்களையும், வஞ்சகத்துக்குத் துணைபோவதிலிருந்து நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.