பார்த்தது நிஜம்தான்

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்வெளியில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்த்ததாகச் சொல்வார்கள். வரப்பு ஓரம் இரண்டு பாம்புகள். முறுக்கிய கயிறுபோல ஒன்றையொன்று பின்னிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பும், சாயும், விழும், மறுபடி எழும்பும். தூரத்தில் ஒரு கூட்டம் நிற்கும். "சாரையும் நல்லதும் சேருதுப்பா, கிட்டப் போகாதீங்க" என்று ஒரு பெரியவர் அதட்டுவார். இன்னொருவர் தோளில் கிடக்கும் துண்டை உருவிக்கொண்டு சமயம் பார்ப்பார். பிணையும் பாம்பின் மேல் விழுந்த துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் வீட்டில் காசு தங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

சாரைப் பாம்பு நல்லபாம்போடு சேருமா? விலங்குகளைப் பற்றி நம் ஊரில் கேட்கப்படும் கேள்விகளில் இதற்குத்தான் முதல் இடம் என்பேன்.

பார்த்தவர் கண்ணில் குறையில்லை. பாம்பு இரண்டு என்பதும் அவை பின்னி எழுந்தன என்பதும் நிஜம். ஆனால் அங்கே இருப்பவை இரண்டுமே சாரை, அதிலும் இரண்டுமே ஆண். நடப்பது மல்யுத்தம். எதிராளியின் தலையைத் தரையோடு அழுத்திவிட்டால் வெற்றி; கடிப்பது கிடையாது. தோற்றது நழுவிப் போய்விடும், வென்றதற்கு அந்த இடமும், அக்கம்பக்கத்தில் இருக்கும் பெண்ணை நெருங்கும் வாய்ப்பும். உண்மையான இணைசேர்தல் இவ்வளவு ஆர்ப்பாட்டமாக நடப்பதில்லை. இரண்டும் தரையோடு தரையாகக் கிடக்கும், கவனிக்காமலேயே தாண்டிப் போய்விடுவோம்.

பிறகு நல்லபாம்பு எப்படிக் கதைக்குள் வந்தது? சாரைகள் எல்லாம் ஒரே நிறமில்லை. மஞ்சள் கலந்தவை உண்டு, கருத்தவை உண்டு. சண்டைக்கு நிற்கும் இரண்டில் ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு என்றால் பார்ப்பவர் இரண்டு வேறு இனம் என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு, கோபம் வந்த சாரை கழுத்தை உப்பவைத்து உறுமும். அரையிருட்டில் அது படம் எடுத்ததுபோலத் தெரியும். நல்லபாம்பு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. எலி, தவளையோடு மற்றப் பாம்புகளையும் தின்னும். சாரை அகப்பட்டால் அதையும் விழுங்கும். ஆக, துண்டு வீசுகிறவர் இரண்டு ஆம்பளைகளின் சண்டைக்கு நடுவில் வீசுகிறார். காசு தங்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த மாதிரிக் கதைகளைத் துருவத் துருவ எனக்கு ஒன்று பட்டுக்கொண்டே இருக்கிறது. நம் ஆட்கள் கூர்மையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் எங்கேயோ ஒரு தாவல்.

கொம்பேறி மூக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கடித்துவிட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, சுடுகாட்டில் புகை எழும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் இறங்குமாம். அது கொம்பில் ஏறுவது உண்மை. அசையாமல் தலையைத் தூக்கிப் பார்ப்பதும் உண்மை. பெரிய கண், பகலில் இரை தேடும் பாம்பு, ஓணானையும் பல்லியையும் தவளையையும் பார்வையை வைத்தே பிடிக்கும். ஆபத்து என்று பட்டால் நொடியில் மரத்துக்குப் போய், அங்கிருந்து நோட்டம் விடும். அந்தப் பார்வைக்குத்தான் நாம் சுடுகாட்டைக் காட்டிவிட்டோம். அதற்கு விஷமே கிடையாது.

பச்சைப் பாம்புக்கு நாம் வைத்த இன்னொரு பெயர் கண்கொத்திப் பாம்பு. அது கண்ணைக் குறிவைத்துக் கொத்துவதில்லை. ஆனால் அதன் கண்ணை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தவர் மறக்க மாட்டார். பாவை படுக்கைவாட்டில், சாவித்துவாரம் மாதிரி இருக்கும். கூரிய மூக்கின் இரு பக்கமும் பள்ளம் ஓடுவதால் இரண்டு கண்ணும் ஒரே பொருளை நேர்முன்னே பார்க்க முடியும். பாம்புகளில் இது அபூர்வம். தூரத்தைச் சரியாக அளந்து பாய்வதற்கு இந்த ஏற்பாடு. 'கண்கொத்திப் பாம்பாய்க் கவனிக்கிறான்' என்று நாம் சொல்வதில் கவனிக்கிற பாதி அப்படியே சரி.

இந்தக் கதைகளால் ஒரு நஷ்டம் உண்டு. ஒன்றும் செய்யாத பாம்புகளுக்குப் பயந்துகொண்டு, பயப்பட வேண்டியவற்றை விட்டுவிடுகிறோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது 2020இல் வெளிவந்த ஆய்வின் மதிப்பீடு. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்தைக் கொண்டு தயாராகிறது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். பல நேரம் வலிகூடத் தெரியாது. கதைகளில் அதற்கு இடமே இல்லை பாருங்கள்.

புற்றுக்குப் பால் ஊற்றும் விஷயத்தில் நம் வழக்கம் பாதி சரி, பாதி தப்பு. பாலும் முட்டையும் வைக்கிறோம். முட்டை பொருத்தம்தான்; நல்லபாம்பு முட்டை தின்னும். பாலைத் தேடிக் குடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. தாகத்தில் வாடிய பாம்பின் முன் எந்தத் திரவத்தை வைத்தாலும் வாய் வைக்கும், அவ்வளவுதான். பால் அதற்குச் செரிக்காது. அந்தப் புற்று யாருடையது என்பதில் மட்டும் நமக்குக் குழப்பமே இருந்ததில்லை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்ற பழமொழி போதும், உயிரியல் பாடத்தில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, மாட்டுக்கு வருவோம். தை பிறந்தால் ஜல்லிக்கட்டு: முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். வெளியூரிலிருந்து வந்தவர் கேட்கும் முதல் கேள்வி: "சிவப்புச் சட்டை போட்டா மாடு குத்துமா?"

ஸ்பெயின் நாட்டு மாட்டுச் சண்டையைச் சினிமாவில் பார்த்த பாதிப்பு இது. மனிதக் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மாட்டுக்கு இரண்டுதான். ஒன்று நீலத்துக்கு, மற்றது மஞ்சளும் பச்சையும் சந்திக்கிற பகுதிக்கு. சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போல அதனால் பிரித்தறிய முடியாது. சிவப்புத் துணி அதற்கு ஏதோ மங்கிய ஒரு துணி. துணி ஆடுவதுதான் அதை உசுப்புகிறது. அலங்காநல்லூரில் சுற்றுக்கு ஒரு நிறமாகப் பனியன் கொடுக்கிறார்களே, அது பார்க்கும் நமக்கும் கணக்கு வைக்கிற கமிட்டிக்கும்தான் உபயோகம்.

மாட்டின் கண்ணில் வேறு சங்கதிகள் உண்டு. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்கள், படுக்கைவாட்டுப் பாவை. தலையைத் திருப்பாமலேயே சுற்றிலும் ஏறக்குறைய 330 பாகை பார்த்துவிடும். நேர் பின்னால் மட்டும் ஒரு குருட்டுப் பட்டை. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு முன்னால் மிகக் குறுகல். அதனால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று உடனே அளக்கத் தடுமாறும். தலையைத் தாழ்த்தி, நிதானித்து உற்றுப் பார்க்கும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் பழகவும் அதற்கு நம்மைவிட நேரம் ஆகும்.

இப்போது வாடிவாசலை நினைத்துப் பாருங்கள். நெரிசலான, நிழலான சந்து. திட்டிவாசல் தாண்டியதும் சுள்ளென்ற தை மாத வெயில், நாலு பக்கமும் அசைகிற மனிதர்கள், காதைத் துளைக்கும் விசில். மாட்டின் காது நமக்குக் கேட்காத உச்ச ஒலியையும், சுமார் 35,000 ஹெர்ட்ஸ் வரை, வாங்கிக்கொள்ளும். அந்த முதல் சில நொடிகளில் மாட்டுக்கு உலகம் எப்படி இருக்கும் என்று எந்த வீரருக்கும் யாரும் வகுப்பு எடுத்ததில்லை. ஆனாலும் அனுபவசாலிகள் வாசலின் இரு ஓரமும் ஒட்டித்தான் நிற்கிறார்கள், பக்கவாட்டில்தான் திமிலுக்குப் பாய்கிறார்கள். வெளியே வந்து நின்று, சுற்றிப் பார்த்து, ஆளைத் தேர்ந்தெடுத்துத் திரும்பும் காளையை 'நின்னு விளையாடுற மாடு' என்று மரியாதையோடு சொல்கிறோம். ஓடிவிடும் மாட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம். கண் பழகும்வரை அவசரப்படாத மாடு அது என்று நான் புரிந்துகொள்கிறேன். மாடு வளர்க்கிறவர்கள் மறுத்தால் வாதாட மாட்டேன்.

நிறம் என்று பேச ஆரம்பித்ததால் மயிலை விட முடியாது. மதுரையைச் சுற்றி எந்தத் தோட்டத்திலும் இப்போது மயில் உண்டு; விதை விதைத்தவரிடம் அதன் அழகைப் பற்றிப் பேசிவிடாதீர்கள். மயில் தோகையில் நீலச் சாயமே இல்லை என்றால் நம்ப முடிகிறதா? இறகை இடித்துப் பொடியாக்கினால் பழுப்புத் தூள்தான் மிஞ்சும். உள்ளே மெலனின் எனும் கறுப்பு நிறமியின் நுண்கம்பிகள் சீரான இடைவெளியில் வலைபோல அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளியின் அளவைப் பொறுத்து எந்த நிற ஒளி திரும்பி வரும் என்பது முடிவாகிறது. சி.வி. ராமனும் பறவை இறகின் நிறத்தை ஆராய்ந்திருக்கிறார். 1934இல் அவர் அதற்கு எடுத்துக்கொண்டது நம் கரிசல் காட்டு மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையை. உட்கார்ந்தால் மண் நிறம், பறந்தால் நீலத் தீ!

மேலூரைத் தாண்டித் திருப்பத்தூர் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே வேட்டங்குடி. 1977இல் பறவைகள் சரணாலயமானது. பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே வரும் நத்தைகுத்தி நாரையைப் பார்த்து, அலகு ஏன் மூடவே மாட்டேன் என்கிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். குஞ்சாக இருக்கும்போது அலகு நேராகவே இருக்கும். வளர வளரத்தான் நடுவில் இடைவெளி விழுகிறது. வழுக்கும் நத்தையைக் கையாள அது தோது. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள், வெயில் ஏற ஏற நாரைகளின் கால் வெள்ளையடித்ததுபோல ஆகிவிடும். அசிங்கம் என்று நினைக்க வேண்டாம். தன் எச்சத்தைத் தானே காலில் விட்டுக்கொள்கிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் ரத்தம் குளிரும். நமக்கு வியர்வை, அதற்கு இது.

வீட்டுப் பல்லிக்கு அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. அதன் காலில் பசை இல்லை, உறிஞ்சும் கிண்ணமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிளந்து, சுவரின் மூலக்கூறுகளை ஈர்த்துப் பிடிக்கின்றன. காய்ந்த நான்ஸ்டிக் தோசைக்கல்லில் மட்டும் அதற்குப் பிடி கிடைக்காது. பல்லி சொல்லுக்குப் பலன் உண்டா என்கிறீர்களா? உண்டு, இன்னொரு பல்லிக்கு: இது என் இடம், தள்ளிப் போ.

கடைசியாகத் தேவாங்கு. ஒல்லியாக இருப்பவரைத் திட்டப் பயன்படுவதைத் தவிர அந்தப் பெயர் நகரத்தில் அநேகமாகச் செத்துவிட்டது. உயிர் மட்டும் அழகர்மலையிலும், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக் குன்றுகளிலும் இருக்கிறது. அதே அரிட்டாபட்டி உள்ளடங்கிய பகுதியில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டு, ஊரே திரண்டு எதிர்த்த பிறகு 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். வடக்கே, திண்டுக்கல் - கரூர் எல்லையில், தேவாங்குக்காகவே 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயம் 2022இல் வந்தது. இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல்.

எடை ஏறக்குறைய கால் கிலோதான். முகத்தில் பாதி கண். அந்தக் கண்ணுக்காகவே பாவம் செத்திருக்கிறது. கண்நோய்க்கு மருந்து என்று யாரோ கட்டிவிட்ட கதை. தேவாங்கு தன் மூத்திரத்தைக் கையிலும் காலிலும் தேய்த்துக் கழுவிக்கொள்ளும் என்று காட்டோரத்துக்காரர்கள் சொல்வதைக் கதை என்று தள்ள வேண்டாம், அப்படியே செய்கிறது. ஏன் என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவில்லை. கிளையில் பிடி நழுவாமல் இருக்க என்கிறார்கள் சிலர். வாசனையால் தன் இருப்பைத் தெரிவிக்க என்கிறார்கள் சிலர். எறும்பும் விஷப் பூச்சிகளும் அதன் உணவு என்பதால், கடியின் எரிச்சல் தணிய என்று இன்னொரு விளக்கம். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் சரியாகக்கூட இருக்கலாம்.

அதைக் கவனிக்க ராத்திரியில்தான் போக வேண்டும். சாதாரண டார்ச் அடித்தால் அந்தக் கண்ணுக்குத் தாங்காது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் நெற்றி விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். காளைக்காவது இரண்டு வகைக் கூம்புகள். தேவாங்குக்கு ஒன்றே ஒன்று. அதன் கண்ணில் சிவப்பு அவ்வளவாக உறைப்பதில்லை. கிளையில் இரண்டு தணல்போலக் கண்கள் மின்னும். நாம் நிற்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அது உள்ளங்கையை நனைத்து, காலில் தேய்த்து, அடுத்த கிளைக்கு மெதுவாக நகரும்.