சுமக்கும் எலும்பே பலப்படும்



அந்தமான் தலைநகரான போர்ட் பிளேயருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அந்நகரில் கடற்படையினரின் ‘சமுத்ரிகா’ அருங்காட்சியகம் உண்டு. நிக்கோபார் தீவுகளில் கரையொதுங்கிய ஓர் இளம் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே பல ஆண்டுகளாகப் பார்வையாளர்களை வரவேற்று வந்திருக்கிறது. பிழைப்புக்காக அத்தீவுகளில் குடியேறிய நம் தமிழ் ஜனங்களில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டியிருக்கலாம்.

திமிங்கிலத்தின் எலும்பமைப்பைச் சற்றே ஆராய்ந்து பாருங்கள். மண்டையோடு, முதுகெலும்பு, விலா எலும்புகள் என யாவும் நமக்கு இருப்பவையே. துடுப்பு போன்ற அவயவத்துக்குள்ளும் கை எலும்புகளும் விரல் எலும்புகளும் உண்டு. ஆனால் கால்கள் இல்லை. இடுப்பெலும்பு இருக்கவேண்டிய இடத்தில், முதுகெலும்போடு இணையாத இரண்டு சிறிய எலும்புகள் மட்டுமே உள்ளன. காரணம் என்ன? அதன் பாரத்தைக் கடல்நீர் சுமக்கிறது. கால்களுக்கு அங்கே வேலையில்லை. அதே திமிங்கிலம் கரையில் ஒதுங்கிவிட்டால், தன் சரீரத்தின் பாரமே தன்னை அழுத்த, மூச்சுத் திணறி மடிந்துபோகிறது.

நாமோ தரையில் வாழ்கிறவர்கள். நம்மைத் தாங்க நீர் இல்லை. நம் பாரத்தை நம் எலும்புகளே சுமக்கவேண்டும்.

தாங்கும் விதம்

பிறக்கும் குழந்தையின் சரீரத்தில் ஏறக்குறைய 300 எலும்புகளும் குருத்தெலும்புத் துண்டுகளும் உள்ளன. வளர வளர அவற்றுள் பல ஒன்றோடொன்று இணைந்து, பெரியவர்களில் 206 ஆகின்றன. முதுகெலும்பு நேரான கம்பம் அன்று, மெல்ல வளைந்தது. குழந்தை தலையை நிமிர்த்தும்போது கழுத்தின் வளைவும், எழுந்து நடக்கும்போது இடுப்பின் வளைவும் உறுதிப்படுகின்றன. இவ்வளைவுகளும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டுகளும் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் தணிக்கின்றன. மேலுடலின் பாரம் முதுகெலும்பின் வழியாக இடுப்பெலும்புக்கு இறங்கி, இரண்டு தொடையெலும்புகளுக்கும் பிரிகிறது. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் கல்வளைவைப்போல் அமைந்து அதை ஏற்றுக்கொள்கின்றன.

60 கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரணமாக நடக்கும்போதும், தசைகளின் இழுப்பும் சேர்ந்து, இடுப்பு மூட்டின்மேல் அவருடைய எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. நாளெல்லாம் இதைச் சுமக்கும் எலும்பு எப்படிப்பட்டது? அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்துள்ள தாது. எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதநார். ஒரு கோழி எலும்பைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள். தாது கரைந்து, எலும்பு ரப்பரைப்போல் வளையும். நெருப்பில் சுட்டாலோ நார் எரிந்து, தொட்டாலே நொறுங்கும். கடினமும் வளைந்துகொடுக்கும் தன்மையும் சேர்ந்திருப்பதே எலும்பின் பெலன்.

எலும்புக்கு உயிர் உண்டு

எலும்பு என்றவுடன் நமக்கு மரணமே நினைவுக்கு வருகிறது. எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட பள்ளத்தாக்கும் உலர்ந்த எலும்புகளால் நிறைந்திருந்தது அல்லவா? அந்தமானின் பூர்வகுடிகள் இறந்துபோன தங்கள் உறவினரின் எலும்புகளை அணிந்துகொண்டதையும், நோவுள்ள இடத்தில் அவற்றைக் கட்டிக்கொண்டதையும், 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த ராட்கிளிஃப் பிரௌன் பதிவு செய்தார். சதை அழிந்த பின்பும் எலும்பு நிலைத்திருப்பதால், அது உயிரற்ற பொருள் என்று எண்ணிவிடுகிறோம்.

ஆனால் நமக்குள் இருக்கும் எலும்புக்கு இரத்த ஓட்டம் உண்டு, நரம்பு உண்டு. பழைய எலும்பை அரித்து அகற்றும் உயிரணுக்களும், புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் எலும்புக்கூட்டின் பெரும்பகுதி புதிதாகிறது. எங்கே எவ்வளவு கட்டவேண்டும் என்பதைச் சுமையே தீர்மானிக்கிறது. இதை 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் விளக்கி எழுதினார். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையினுடையதைவிடத் தடித்திருக்கிறது. எடையற்ற விண்வெளியில் தங்குகிறவர்களோ, உடற்பயிற்சி போதாதபோது, இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் அதிகமாக இழக்கிறார்கள்.

அன்பு செய்யும் தீங்கு

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். ஊரில் தண்ணீர் சுமந்து, களை பறித்து, சந்தைக்கு நடந்து வாழ்ந்த தாயாரைப் பட்டணத்துக்கு அழைத்து வருகிறோம். “இவ்வளவு காலம் கஷ்டப்பட்டது போதும் அம்மா, இனி உட்கார்ந்து சாப்பிடுங்கள்” என்கிறோம். மூன்றாம் மாடி வீடு, வெயில் எட்டிப் பார்க்காத அறை, நாற்காலி, தொலைக்காட்சி. நாம் காட்டுவது அன்புதான். ஆனால் சுமையிழந்த எலும்பு அதை அன்பென்று அறியாது. தேவையில்லை என்று எண்ணித் தன்னைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஏறக்குறைய 30 வயதுவரை எலும்பின் சேமிப்பு பெருகும். பின்பு மெல்லக் குறையும். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குச் சில ஆண்டுகள் அது வேகமாகக் குறையும். நோவு எதுவும் தெரியாது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழும்போது தொடையெலும்பின் கழுத்து முறியும். அதோடு படுக்கையானவர்களில் பலர் பழையபடி எழுந்து நடப்பதில்லை.

ஆகையால் தாயாருக்கு ஓய்வு கொடுங்கள். வேலையை முற்றிலும் பறித்துவிடாதீர்கள். முடிந்தவரை தினமும் நடக்கட்டும். கீரை ஆயட்டும், துணி மடிக்கட்டும், பேரப்பிள்ளையோடு கடைக்குப் போய்வரட்டும். வெயில் படும்படி சிறிதுநேரம் வெளியே இருக்கட்டும். சருமத்தில் உண்டாகும் வைட்டமின் டி இல்லாவிட்டால் உண்ணும் சுண்ணாம்புச் சத்து சரீரத்தில் சரியாகச் சேராது. கேழ்வரகுக் கூழ், எள், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவை விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. ஊரில் அவர்கள் உண்டு வளர்ந்தவையே. குளியலறையில் பிடிமானக் கம்பியும் வழுக்காத தரைவிரிப்பும், இரவில் சிறு விளக்கும் இருக்கட்டும். முன்பே எலும்பு முறிந்தவர்களும், கூன் விழுந்தவர்களும், உயரம் குறைந்தவர்களும் மருத்துவரிடம் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொண்டு, அவர் ஆலோசனைப்படியே பயிற்சியைத் தொடங்கவேண்டும்.

வளரும் பிள்ளைகளையும் மறவாதேயுங்கள். அவர்கள் இன்று ஓடிக் குதித்து விளையாடும் ஒவ்வொரு மணி நேரமும், முதிர்வயதில் அவர்களைத் தாங்கப்போகும் எலும்புக்குச் சேர்க்கும் முதலாகும். இன்று மாலை பாட்டியும் பேரப்பிள்ளையும் கைகோத்துத் தெருமுனைவரை நடந்துவரட்டும். அது இருவருடைய எலும்புகளுக்கும் நன்மை செய்யும்.